மெய்ப்பாடும் வழிபாடும்: தமிழ்க் கிறித்தவக் கலைச்சொற்கள் – மும்பைத் தமிழரை முன்வைத்து ஒரு நோக்கு

1. முன்னுரை

வழிபாட்டில் இசை, ஆடல், உருவம் ஆகிய கலைகளுக்கு இடமுண்டா என்னும் கேள்வி கிறித்தவ சமய வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. இறையியலார் அதற்குத் தரும் விடைகள் பலவாகும். மொழியியலார் அதே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து அணுக இயலும். ஒரு திருச்சபை ஒரு கலையை ஏற்பதற்கோ விலக்குவதற்கோ முன்னர் அதனை ஒரு பெயரால் குறிக்கிறது. அப்பெயர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் தந்த பெயராகவே இருக்கிறது. மன்னன் ஆடியதை 'நடனம்' என்றும் தெருச்சிறார் ஆடுவதைக் 'கூத்து' என்றும் படித்துப் பழகிய சபையில், எந்த ஆட்டம் உண்மையான வழிபாடாகக் கருதப்படும் என்பதில் சொல்லுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் கலைகளைக் குறிக்க வழங்கும் சில சொற்களை எடுத்துக்கொண்டு, அவை எந்தெந்தக் கலைகளை, அவற்றின் வழியே எந்தெந்த மக்களை, ஆலயத்தினுள் அனுமதித்தன, எவற்றை வாயிலில் நிறுத்தின என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள் தமிழகம், ஈழம் ஆகிய இருநிலத்தினின்றும் எடுக்கப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று உரசும் களமாக மும்பை கொள்ளப்படுகிறது. ஊரில் தனித்தனியே வாழும் வழக்குகள் மும்பையில் ஒரே சபையின் ஒரே இருக்கையில் அமர நேர்வதே இத்தேர்வுக்குக் காரணம்.

2. மும்பைச் சூழல்

மும்பைத் தமிழர் ஒரே படித்தான சமூகத்தினர் அல்லர். தாராவிக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியினர் வரத் தொடங்கினர். தோல் பதனிடும் தொழில் அவர்களுள் பலருக்கு வாழ்வளித்தது. மாட்டுங்கா 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அலுவலகப் பணி நாடி வந்த தென்னிந்தியரின் இருப்பிடமாயிற்று. அங்கு 1945இல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தோன்றியது. 1952இல் தொடங்கப்பெற்ற சண்முகானந்த சபையும் அதன் அருகமைந்தது. செம்பூர் நாட்டு விடுதலைக்குப்பின் விரிவடைந்த பகுதி. ட்ராம்பே ஆலைகளிலும் அரசு நிறுவனங்களிலும் பணியாற்றியோர் அங்குக் குடியமர்ந்தனர். நுண்கலைச் சபை ஒன்றும் அங்கு நிலைபெற்றது.

இம்மூன்று பகுதிகளும் கலை பற்றிய மூன்று சொல்வழக்குகளைக் கொண்டுள்ளன எனலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் 'கச்சேரி', 'அரங்கேற்றம்', 'நாட்டியம்' ஆகியன இயல்பான சொற்கள். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 'கொட்டு', 'மேளம்', 'ஆட்டம்', 'கூத்து' ஆகியன உடன் வந்தன. தமிழ்க் கிறித்தவர் இம்மூன்று பகுதிகளிலும் வாழ்வதால், ஒரு சபையின் பாடற்குழுவில் இவ்வழக்குகள் எல்லாம் கலக்கக் காணலாம். இவற்றோடு மராத்தியும் கொங்கணியும் இந்தியும் அக்கம்பக்கத்து ஆலயங்களிலிருந்து நாள்தோறும் செவியில் விழுகின்றன. எனவே, ஊரில் எவரும் எண்ணிப்பாராத ஒரு சொல், இந்நகரில் விளக்கம் வேண்டி நிற்கிறது.

3. இசை: கீர்த்தனையும் பாமாலையும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பாடல்கள் நெடுங்காலமாக இருவகைப் பெயர்களால் வழங்கி வருகின்றன. மேனாட்டுப் பாடல்களை அவற்றின் மெட்டு மாறாமல் மொழிபெயர்த்தவை 'பாமாலை'; தமிழிசை மரபில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளோடு இயற்றப்பட்டவை 'கீர்த்தனை'. ஒரே வழிபாட்டில் இரண்டும் பாடப்படும். ஆயினும் மொழி இவ்விரண்டிலும் ஒரே வகையாக நடந்துகொள்வதில்லை.

தமிழில் குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபடுத்தும் ஒலியன் வேறுபாடு. மேனாட்டு மெட்டுகளோ அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட மொழிகளுக்காக அமைந்தவை. அழுத்தம் விழும் இடத்தில் நீண்ட சுரம் வரும். அவ்விடத்தில் தமிழ்க் குறில் அமைந்தால் அது நெடிலாக ஒலிக்கும். 'மனம்' என்னும் சொல்லின் முதலசை நீண்ட சுரத்தில் அமையுமாயின் கேட்போர் செவியில் 'மானம்' என்று விழக்கூடும். கீர்த்தனையிலும் குறில் நீள்வதுண்டு என்பது உண்மையே. ஆயின், கீர்த்தனை இயற்றுவோர் மெட்டையும் சொல்லையும் ஒருசேர அமைக்கிறார். மோனையும் எதுகையும் தாளத்தின் எடுப்போடு பொருந்துமாறு சொல்லை மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமையுண்டு. பாமாலையை மொழிபெயர்ப்பவர்க்கு மெட்டு முன்னரே முடிந்த முடிபு. பொருள், அசை எண்ணிக்கை, நீட்சி ஆகிய மூன்றுள் ஏதேனும் ஒன்றை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியவராகிறார். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கப்படுவது நீட்சியே.

மும்பையில் இச்சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. தமிழ் பேசத் தெரிந்தும் தமிழெழுத்து அறியாத இளையோருக்காகப் பாடல்களை உரோமன் எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. குறியீடுகள் இல்லாத உரோமன் எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தேவநாகரி அகர ஆகாரங்களையும் இகர ஈகாரங்களையும் உகர ஊகாரங்களையும் வேறுபடுத்தும். ஆனால் வழக்கமான தேவநாகரியில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் தனித்தனி எழுத்தில்லை. எனவே 'கொடி', 'கோடி' ஆகிய இரண்டும் ஒரே வடிவம் பெறும். திருவிழாவின் முதல்நாள் ஏற்றப்படும் கொடியும் எண்ணிக்கையில் வரும் கோடியும் பாடுவோர்க்கு ஒன்றாகிவிடுகின்றன. மெட்டு ஒருபுறமும் எழுத்து மறுபுறமும் உயிரொலியை நெகிழ்த்தும்போது, உள்ளம் ஒன்றிப் பாடுபவரும் தாம் பாடுவதன் பொருளை இழக்க நேரிடுகிறது. 'உண்மையான வழிபாடு' என்பதற்குத் தான் சொல்வதை அறிந்து சொல்லுதல் என்பதும் ஒரு பொருளாயின், எழுத்துப்பெயர்ப்பு என்னும் சிறு செயலும் வழிபாட்டின் உண்மையோடு தொடர்புடையதாகிறது.

கீர்த்தனை மரபின் முன்னோடியாகத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) போற்றப்படுகிறார். திருநெல்வேலியில் பிறந்து, மறைப்பணியாளர் சுவார்ட்சிடம் தஞ்சையில் வளர்ந்து, இரண்டாம் சரபோசி மன்னரின் நட்பைப் பெற்றவர் அவர். 1800இல் அவர் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி' அந்நாளில் அரசவையிலும் கோயிலிலும் ஆடப்பட்ட ஓர் இலக்கிய வகையைக் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கியது. 1853இல் அமெரிக்க மதுரை மறைப்பணிக்குழுவைச் சேர்ந்த எட்வர்டு வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றியபின், அவை தஞ்சை வட்டத்தைத் தாண்டிப் பல சபைகளிலும் பரவின.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, குறவஞ்சி பாடலும் ஆடலும் கலந்த வகை. சபைக்குள் நிலைபெற்றது பெரும்பாலும் அதன் பாடற்பகுதியே. ஆடற்பகுதி வெளியே நின்றுவிட்டது. மற்றொன்று, தமிழிசைக்காக வாதாடிய அதே சாத்திரியார், 1820களில் புதிதாக வந்த மறைப்பணியாளர் சபையில் சாதி வேற்றுமையை நீக்க முற்பட்டபோது அதனையும் எதிர்த்து எழுதினார். பப்ரிசியசின் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தும் முயற்சியையும் எதிர்த்தார். இசை, மொழிபெயர்ப்பு, சாதி ஆகிய மூன்றும் அவருக்கு ஒரே வழக்கின் மூன்று கூறுகளாகத் தோன்றின. எனவே, 'தமிழ் மரபுக் கலை' என்று பொதுவாகப் பேசும்போது யாருடைய மரபு என்னும் கேள்வியைத் தவிர்க்க இயலாது.

4. ஆடல்: நடனமும் கூத்தும்

ஆடலைக் குறிக்கும் சொற்களில் இக்கேள்வி இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. 1871இல் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த விவிலியமே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரிதும் படிக்கப்படுகிறது. அதில், உடன்படிக்கைப் பேழையின் முன் தாவீது ஆடியது 'நடனம்'. பொற்கன்றின் முன் மக்கள் ஆடியதும் 'நடனம்'. எபிரேய மூலத்தில் சுழலுதல், துள்ளுதல் முதலான உடலசைவுகளைக் குறிக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. தமிழில் அவை பெரும்பாலும் 'நடனம்' என்னும் ஒரே சொல்லுள் அடங்கின.

புதிய ஏற்பாட்டில் நிலைமை இதற்கு எதிர்மாறாகிறது. ஏரோதின் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடியதைக் குறிக்கும் கிரேக்க வினையும், சந்தைவெளியில் விளையாடும் சிறுவர் தம் தோழர் ஆடவில்லை என்று குறைகூறும் இடத்தில் வரும் கிரேக்க வினையும் ஒன்றே. ஆனால் தமிழில் முன்னது 'நடனம்பண்ணுதல்', பின்னது 'கூத்தாடுதல்'. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. அரண்மனையில் நிகழ்ந்தால் நடனம், தெருவில் நிகழ்ந்தால் கூத்து என்னும் பாகுபாடு மூலத்தில் இல்லை. அது தமிழ்ச் சமூகத்தின் பாகுபாடு. மொழிபெயர்ப்பாளர் அதனை வேண்டுமென்றே புகுத்தினார் என்று கூறுதல் பொருந்தாது. அவருடைய செவிக்கு அவ்வவ்விடத்தில் இயல்பாக ஒலித்த சொல்லை அவர் எடுத்தாண்டார். இயல்பாக ஒலிப்பதில்தான் சமூக மதிப்பீடு மிக ஆழமாகப் படிந்திருக்கிறது.

'கூத்து' தொடக்கத்திலிருந்தே தாழ்ந்த சொல் அன்று. சிலப்பதிகார உரைமரபில் அது ஆடற்கலை முழுமைக்கும் உரிய பொதுப்பெயர். தில்லை இறைவன் கூத்தன் எனப்படுகிறான். பிற்காலத்தில் தமிழகப் பேச்சுவழக்கில் இச்சொல் இழிபொருட்பேறு எய்தியது. 'இது என்ன கூத்து' என்னும்போது ஒழுங்கின்மையும், 'கூத்தாடி' என்னும்போது இகழ்ச்சியும் குறிக்கப்படுகின்றன. ஈழத்திலோ நிலைமை வேறு. யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பகுதிகளின் கத்தோலிக்கரிடையே புனிதர் வரலாறுகளும் விவிலியக் கதைகளும் கூத்தாகவே ஆடப்பட்டு வந்துள்ளன. 1965இல் மரிய சேவியர் அடிகளார் (1939–2021) யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அம்மரபைப் புதிய அரங்க முயற்சிகளோடு இணைத்து வளர்த்தது. அங்குக் 'கூத்து' என்னும் சொல்லுக்கு வழிபாட்டோடு முரண் இல்லை. ஒரே சொல் பாக்கு நீரிணையின் இருகரையிலும் இருவேறு மதிப்புப் பெற்றிருப்பதை மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ளவேண்டும்.

பெயர் மாற்றத்தால் ஒரு கலையின் மதிப்பு மாறியதற்குத் தமிழகத்திலேயே அண்மைக்காலச் சான்று உண்டு. 'சதிர்' என்று வழங்கிய ஆட்டம் 1930களில் 'பரதநாட்டியம்' என்னும் பெயரால் நிலைநிறுத்தப்பட்டது. ஆடியவரும் அரங்கும் அதனோடு மாறத் தொடங்கினர். இம்மாற்றத்திற்குப் பின்னரே கிறித்தவக் குருமார் அக்கலையை வெளிப்படையாகப் பயிலும் நிலை உருவாயிற்று. மும்பை அந்தேரியில் இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் புரோக்ஷ் அமைத்த ஞான ஆசிரமம் இந்திய இசையையும் ஆடலையும் கிறித்தவ வழிபாட்டிற்குக் கொண்டுவரும் களமாயிற்று. திருச்சிராப்பள்ளியில் 1977இல் அருள்தந்தை ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி, பரதநாட்டியத்தில் விவிலியக் கதைகளை அரங்கேற்றி, நுண்கலைக் கல்லூரியாகவும் வளர்ந்தது.

இறைவார்த்தைச் சபையின் பிரான்சிஸ் பார்போசா செய்த முயற்சி மொழியியலாரின் தனிக்கவனத்திற்கு உரியது. பரதநாட்டியம் முறையாகப் பயின்ற அவர், கிறித்தவக் கருத்துகளுக்கு உரிய முத்திரைகளை உருவாக்கி, இந்திய ஆடல் வடிவங்களில் கிறித்தவம் பற்றி 1990இல் ஆங்கிலத்தில் நூலும் வெளியிட்டார். அபிநய தர்ப்பணம் கூறும் தெய்வ முத்திரைகள் அவ்வத் தெய்வத்தின் இயல்போடு தொடர்புபடுத்தி உணரப்படுவன. சிவனுக்கு இடக்கையில் மிருகசீரிடமும் வலக்கையில் திரிபதாகமும், திருமாலுக்கு இருகையிலும் திரிபதாகமும் கொள்ளப்படும். இவற்றுள் ஒன்றை எடுத்துக் கிறித்துவுக்குச் சூட்டினால் பழைய பொருளும் உடன் வந்துவிடும். ஆகவே தந்தை, மகன், தூய ஆவி, சிலுவை முதலியவற்றுக்குப் பழைய கைவடிவங்களின் அடிப்படையில் புதிய சேர்க்கைகள் அமைக்கப்பட்டன. இது மொழிபெயர்ப்பில் கடன்சொல்லை ஏற்காமல், உள்மொழியின் வேர்களைக் கொண்டு புதுச்சொல் படைத்தலை ஒக்கும். புதுச்சொல்லுக்கு உள்ள இடர்ப்பாடும் இதற்கு உண்டு: கலையறிந்த சிறுபான்மையோர்க்கு மட்டுமே அது விளங்கும். மாட்டுங்கா அரங்கில் பொருள்படும் முத்திரை, தாராவி ஆலயத்தில் உரையாசிரியரை வேண்டி நிற்கும்.

5. கருவி: தம்புரு, மத்தளம், பறை

இசைக்கருவிகளின் பெயர்கள் மொழிபெயர்ப்பாளர்க்கு எப்போதும் தொல்லை தருவன. 150ஆம் சங்கீதத்தில் 'தோப்' என்னும் எபிரேயக் கருவி இடம்பெறுகிறது. வட்டச் சட்டத்தின் ஒருபுறம் தோல் போர்த்து, கையிலேந்தி அடிக்கும் கருவி அது; மகளிர் ஆடலோடு தொடர்புடையது. பழைய மொழிபெயர்ப்பில் இதற்கு நேராக அமைந்த சொல் 'தம்புரு'. தமிழில் தம்புரு என்பது பொதுவாகச் சுருதி கூட்டும் நரம்புக்கருவியைக் குறிப்பது. தோற்கருவி நரம்புக்கருவியாயிற்று, ஆட்டத்திற்கு உரிய ஒலி, கச்சேரிக்கு உரிய ஒலியாக மாறிற்று. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் அவ்விடத்தில் 'மத்தளம்' என்று அமைத்துத் தோற்கருவியை மீட்டது. ஆயின் அது இருமுகக் கருவி. அதே சங்கீதத்தில் வரும் கைத்தாளத்திற்கு நேராகச் 'சதங்கை' என்னும் சொல்லையும் அம்மொழிபெயர்ப்பு ஆண்டது. இதனால் ஆடுவோரின் காலொலி அப்பாடலுள் புகுந்தது. இது மூலத்தினின்று விலகல் எனினும், ஆடலுக்குத் தமிழ் வழிபாட்டு மொழியில் இடமளித்த விலகல் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

ஒருமுகச் சட்டத்தோற்கருவிக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. கச்சேரி மரபில் கஞ்சிரா உண்டு. மக்கள் மரபில் பறை, தப்பு ஆகியன உண்டு. வடிவத்தாலும், கையிலேந்தி ஆடிக்கொண்டே அடிக்கும் முறையாலும் பறை மூலக்கருவிக்கு நெருக்கமானது. அறிவித்தல், சொல்லுதல் என்னும் பொருளில் 'பறை' வினையாகவும் வருவதால், அறிக்கையிடுதல் என்னும் வழிபாட்டுப் பொருளுக்கும் அது இயைபுடையது. இருந்தும் அச்சொல் அங்கு இடம்பெறவில்லை. காரணம் யாவரும் அறிந்ததே. பறை சாதியோடு பிணைக்கப்பட்டு, இழவு வீட்டில் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்ட கருவி.

1980களிலிருந்து தலித் இறையியலார் இந்நிலையைக் கேள்விக்கு உட்படுத்தினர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) 'பரட்டை' என்னும் பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில், பேச்சுத்தமிழில், வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். கடவுளைக் குறிக்க வழக்கமான 'பிதாவே' என்னும் விளியை விடுத்து அவர் 'பெத்தவரே' என்று ஆண்டது மொழியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கது. 'பிதா' வடசொல், ஆண்பால் மட்டும் சுட்டும். 'பெற்றவர்' தமிழ் வினையடிப் பெயர்; தாய், தந்தை இருவருக்கும் பொது; உயர்வுப்பன்மையாகவும் நிற்கும். பேச்சுவழக்கு வடிவம் ஒன்றின் வழியாகவே பால்வேறுபாட்டைக் கடந்த விளி ஒன்று வழிபாட்டில் இயன்றது. திண்டுக்கல்லில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் இளம்பெண்களுக்குப் பறையடித்தாடப் பயிற்சி அளித்து, கருவியின் இழிவை உரிமைக் குரலாக மாற்ற முயன்றுள்ளது.

எனினும், பறையை ஆலயத்தினுள் கொணர்வதே நேர்மை என்று எளிதில் முடிவு கூறுதல் இயலாது. கிறித்தவம் தழுவிய குடும்பங்கள் பல, அவ்வூழியத்திலிருந்து விடுபடுவதன் அடையாளமாகவே பறையைக் கைவிட்டன. ஊரை விட்டு மும்பைக்கு வந்ததற்கும் அவ்விடுதலை ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும். அத்தகையோர் செவியில் பறையொலி பெருமிதத்தைத் தூண்டுமா, பழைய காயத்தைத் தூண்டுமா என்பதை வெளியிலிருந்து எவரும் தீர்மானிக்க முடியாது. அதே சமூகத்தின் இளைய தலைமுறைக்கு அவ்வொலியே தன்மானத்தின் ஒலியாக இருத்தலும் கூடும். ஒரு சொல்லின் மதிப்புப்பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறும்போது, 'பொருத்தமான நிகரன்' என்று ஒன்றை நிலையாகச் சுட்டுதல் அரிது.

6. உருவம்: சுரூபம், சொரூபம், ஆரத்தி

காட்சிக்கலையில் சிக்கல் ஓர் எழுத்து வேறுபாட்டில் அடங்கியுள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆலயத்தில் வைத்து வணங்கும் திருவுருவத்தைச் 'சுரூபம்' என்பர். சீர்திருத்தச் சபையினர் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், பத்துக் கட்டளைகளுள் உருவாக்கலாகாது என்று விலக்கப்பட்ட இரண்டனுள் ஒன்று 'சொரூபம்'; மற்றொன்று விக்கிரகம். சுரூபம், சொரூபம் இரண்டும் ஒரே வடசொல்லின் தமிழ் வடிவங்களாகக் கொள்ளப்படுவன. ஒரு சபையின் பக்திச்சொல் மற்றொரு சபையின் விலக்குச்சொல்லாக இருப்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. இரு சபையினரும் கலந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'சிலை', 'உருவம்' என்னும் பொதுச்சொற்களை ஆண்டு இவ்வுரசலைத் தவிர்த்தது. பொதுச்சொல் பகையைக் குறைக்கும். பக்தியின் தனிச்சுவையையும் அது ஓரளவு குறைக்கும்.

மும்பையில் இச்சொற்களைச் சூழ வேறு சொற்களும் உள்ளன. விநாயகர் விழாவில் தெருவில் வருவது மராத்தியில் 'மூர்த்தி'. கொங்கணிக் கத்தோலிக்கர் ஆலய உருவத்தைப் போர்த்துக்கீசியச் சொல்வழி 'இமாஜ்' என்பர். தாராவியில் வளரும் தமிழ்க் குழந்தை 'மூர்த்தி', 'சுரூபம்' இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறது. இரண்டின் வேறுபாட்டையும் அக்குழந்தைக்கு விளக்க முற்படும் மறைக்கல்வி ஆசிரியர் தம்மையறியாமலே சொற்பொருளியலில் ஈடுபடுகிறார்.

'ஆரத்தி' இதனினும் நுட்பமானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டபின், 1969இல் இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டிற்கெனப் பன்னிரண்டு மாற்றங்கள் இசைவு பெற்றன. தரையில் அமர்தல், அஞ்சலி முத்திரை, ஆரத்தி முதலியன அவற்றுள் அடங்கும். அவற்றைப் பரப்புவதில் பெங்களூர்த் தேசிய மையத்தின் முதல் இயக்குநரான தமிழர் அமலோற்பவதாசு (1932–1990) பெரும்பங்காற்றினார். மராத்தியில் 'ஆரதி' என்பது விளக்கைச் சுற்றுவதையும் அப்போது பாடும் பாட்டையும் குறிக்கும். தமிழ் வீட்டு வழக்கிலோ ஆரத்தி என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்நீரைச் சுற்றிக் கண்ணேறு கழித்தல். கோயிலில் விளக்குக் காட்டுதல் தீபாராதனை. எனவே 'தீப ஆரத்தி' என்னும் புதிய சபைவழக்கு, ஊரிலிருந்து வந்த மூதாட்டிக்குக் கண்ணேறு கழித்தலையும், மும்பையில் பிறந்த அவர் பேரனுக்குப் பக்கத்துப் பந்தலின் பாட்டையும் நினைவூட்டக்கூடும். சடங்கு ஒன்று, சொல் ஒன்று, பொருள் இரண்டு. இம்மாற்றங்களுட் பல மேல்தட்டுக் கோயில் மரபிலிருந்து எடுக்கப்பட்டன என்னும் தலித் இறையியலாரின் திறனாய்வும் உடன் எண்ணத்தக்கது.

7. மெய்

மேற்கண்ட சான்றுகளில் ஒரு பொதுப்போக்கைக் காணலாம். குறவஞ்சி சபைக்குள் வந்தபோது ஆடல் வெளியே நின்றது. ஆட்டத்தோடு அடிக்கும் தோற்கருவி நரம்புக்கருவியாக மொழிபெயர்ந்தது. தெருச்சிறாரின் ஆட்டம் கூத்தாயிற்று. கலையின் சொல்லும் சுரமும் எளிதில் அனுமதி பெற்றன. உடல் அனுமதி பெறத் தயங்கி நின்றது. உடல் அனுமதி பெற்றபோதும் பயிற்சியால் செம்மைப்படுத்தப்பட்ட உடலே முதலில் பெற்றது. பேழைமுன் ஆடிய தாவீதைச் சன்னல் வழியே கண்டு மனத்துள் இகழ்ந்த மீகாளின் குறையும் இத்தகையதே. மன்னர்க்குரிய மதிப்பில்லாத, அற்பர்க்குரிய ஆட்டம் அது என்பதே அவள் கூற்றின் சாரம். அவன் பக்தி உண்மையானதா என்று அவள் கேட்கவில்லை.

உண்மையை உடலினின்று பிரித்து உள்ளத்தில் மட்டும் தேடும் இப்போக்குக்குத் தமிழில் ஒரு மாற்று உண்டு. 'மெய்' என்னும் சொல் உண்மையையும் உடலையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை, பெருமிதம், உவகை முதலான எட்டையும் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதலாகவே காண்கிறது. ஒப்பாரியில் மாரடிக்கும் கையும், தேர்ப்பவனியில் நடக்கும் காலும், பறைக்குத் தானே அசையும் தோளும் மெய்ப்பாடுகளே. விவிலியத்தில் 'உண்மை' என்று பெயர்த்த கிரேக்கச் சொல்லுக்கு 'மெய்' என்பதையும் நிகரனாக வைத்து எண்ணிப்பார்த்தால், உண்மையான வழிபாடு என்பதற்கு உடலோடு கூடிய வழிபாடு என்னும் பொருளும் தமிழில் உள்ளார்ந்து எழுகிறது. இது சொல்லாராய்ச்சியால் இறையியலை நிறுவும் முயற்சியன்று. கிரேக்கச் சொல்லுக்கு அப்பொருள் இல்லை. வரும் மொழியில் ஏற்கெனவே உள்ள சொல்வளம் புதிய சிந்தனைக்கு இடமளிக்கக்கூடும் என்பதை மட்டுமே இதனால் கூற இயலும்.

8. முடிவுரை

மொழிபெயர்ப்பாளர்க்கும் பாடல் தொகுப்போர்க்கும் மூன்று கருத்துகளை இங்கு முன்வைக்கலாம். முதலாவதாக, ஒரு கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அது குறிக்கும் பொருள், அதன் சமூக மதிப்பு, அதனோடு இணைந்த உடற்செயல் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். 'தம்புரு' முதலாவதிலும் மூன்றாவதிலும் தவறி, இரண்டாவதில் வெற்றி பெற்ற சொல். இரண்டாவதாக, மூலத்தில் ஒரே சொல் வரும் இடங்களில் தமிழில் இருசொல் ஆள நேரின், அவ்வேறுபாடு சூழலால் எழுந்ததா, சாதி வகுப்பு மதிப்பீட்டால் எழுந்ததா என்று வினவிக்கொள்ளுதல் நலம். மூன்றாவதாக, பிறமொழி நகரங்களில் எழுத்துப்பெயர்ப்பில் பாடல்களை அச்சிடுவோர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் காக்க ஓர் எளிய குறியையேனும் கையாள வேண்டும்.

பறையா, மத்தளமா, கூத்தா, நடனமா என்பதை அச்சிட்ட பக்கம் மட்டும் முடிவு செய்வதில்லை. பாடுவோரும் ஆடுவோரும் தம் வழக்கால் அதனை நாளும் முடிவு செய்து வருகின்றனர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்ச் சபைகளில் இம்முடிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதை வீடுதோறும், தலைமுறை வாரியாகப் பதிவு செய்யும் களஆய்வு இனித் தேவைப்படுகிறது. திருநெல்வேலி வழக்கோடு வந்த முதியோர் இருக்கும்போதே அது தொடங்கப்படின் பயன் மிகுதியாகும்.